பேண்டிகூட் என்றால் பெருக்கானா?

வாசகர் கேள்வி (பெருந்துறை), 27 ஆகஸ்ட் 2024

என் மகன் பள்ளிக்கு 'பேண்டிகூட்' என்ற விலங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அது ஆஸ்திரேலியாவில் வாழும் பைப்பாலூட்டி. கங்காருவைப் போல அதன் பெயரும் அந்நாட்டுப் பழங்குடி மக்களின் சொல்லாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மறுக்கிறார். நம் ஊர்ப் பெருச்சாளிக்குத்தான் முதலில் அந்தப் பெயர் வந்தது, அதுவும் சுத்தமான தமிழ்ச் சொல், பந்தி பந்தியாக வருவதால் 'பந்திக்கூட்டம்', அதுதான் பேண்டிகூட் என்கிறார். யார் சொல்வது சரி?

27 ஆகஸ்ட், இரவு

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதி மதிப்பெண். பெயர் முதலில் நம் ஊர்ப் பெருச்சாளிக்கு வந்ததுதான், ஆஸ்திரேலியாவுக்குப் பிறகுதான் போயிற்று. ஆனால் அது தமிழிலிருந்து போன சொல் இல்லை, தெலுங்கு. 'பந்திகொக்கு' என்பார்கள். பந்தி என்றால் பன்றி, கொக்கு என்றால் எலியில் ஒரு வகை. பன்றியெலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோரமண்டல் கரைக்கு வியாபாரம் செய்ய வந்த ஆங்கிலேயர் காதில் விழுந்தபோது முதல் எழுத்து 'பணம்' ஒலியிலிருந்து 'பஸ்' ஒலிக்கு மாறி, வாலும் தேய்ந்து பேண்டிகூட் ஆகிவிட்டது. ஆங்கில அச்சில் அது ஏறிய காலமாக அகராதிகள் 1789-ஐக் காட்டுகின்றன.

கங்காரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அது ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்படும் குகு யிமித்திர் மொழிச் சொல். அந்த ஊர் விலங்குக்கெல்லாம் அந்த ஊர்ப் பெயரே இருக்கும் என்று அதை வைத்து நினைத்துவிட்டீர்கள்.

'பந்திக்கூட்டம்' பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெருச்சாளி தனியாக வந்து தனியாகத் தின்னும் பிராணி. அதற்கு இலை போட்டுப் பந்தி நடத்தியவர் யாரும் இல்லை.

28 ஆகஸ்ட்

'கொக்கு என்றால் பறவைதானே, எலி எப்படி வந்தது' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழில் பறவை. தெலுங்கில் அந்தப் பறவைக்குப் பெயர் 'கொங்க'. இரண்டு மொழியிலும் ஒரே ஒலியில் இருந்தால் ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

28 ஆகஸ்ட், மாலை

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி வந்ததே வேடிக்கை. இந்த விலங்கின் மூன்று பெயர்களையும் ஒரே சந்தையில் நின்று கேட்கக்கூடிய இடம் இது. பெருச்சாளி என்பதை நாங்கள் புத்தகத்தில்தான் படித்தோம், வீட்டில் பேசியது பெருக்கான். "பொடக்காலிப் பக்கம் பெருக்கான் உருட்டுகிறது, தடியை எடுத்து வா" என்பதுதான் அப்புச்சி வீட்டில் இரவுச் செய்தி. கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் உடுமலைப் பக்கத்திலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம், அவர்கள் பந்திகொக்கு என்கிறார்கள். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறித் தாளவாடி போனால் கன்னடம், அங்கே ஹெக்கண.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பெருக்கானும் ஹெக்கணவும் உறவுக்காரர்கள் என்பது. கன்னடத்தில் பழைய பகரம் ஹகரமாகிவிடும். நம் பால் அங்கே ஹாலு, நம் பல் அங்கே ஹல்லு. அந்தக் கணக்கில் பெருக்கானில் உள்ள 'பெரு'தான் ஹெக்கணவின் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது. ஆக, தமிழரும் கன்னடரும் இதன் அளவைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். தெலுங்கர் மட்டும் வேறு எதையோ பார்த்திருக்கிறார்கள், அல்லது கேட்டிருக்கிறார்கள். எதை என்பதை நாளைக்கோ மறுநாளோ எழுதுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் முறை வந்திருக்கிறது, போக வேண்டும்.

30 ஆகஸ்ட்

பன்றி என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

சேற்றில் புரள்வதாலும் சாக்கடையில் திரிவதாலும் என்று இங்கே இருவர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம், ஆனால் சாக்கடையில் எல்லா எலியும்தான் திரிகிறது. இதை மட்டும் பன்றி என்று சொல்ல வலுவான காரணம் வேண்டும். ஒரு பெருக்கானை மூலையில் மடக்கிப் பார்த்தவருக்கு அந்தக் காரணம் தெரிந்திருக்கும். அது கீச்சென்று கத்தாது, உறுமும். முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, இருக்கும் உருவத்தைவிடப் பெரிதாகக் காட்டிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஓர் உறுமல். இருட்டில் கேட்டால் சிறிய பன்றி என்றே நினைப்பீர்கள். அதோடு மழுங்கிய மூஞ்சி, முரட்டு மயிர், மண்ணைக் கிளறிப் போடும் பழக்கம் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் வைத்தவர் கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டுதான் வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த இழையில் எல்லோரும் ஒரே விலங்கைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அறிவியலில் பேண்டிகோட்டா என்பது ஒரு பேரினம். அதில் பெரியது பேண்டிகோட்டா இண்டிகா. உடல் மட்டும் ஓர் அடி இருக்கும், எடை ஒரு கிலோவை எட்டும். வீட்டோரம், மாட்டுக் கொட்டகை, சாக்கடை, குப்பைமேடு எல்லாம் அதன் இடம். சிறியது பேண்டிகோட்டா பெங்காலென்சிஸ். பெயரில் வங்காளம் இருந்தாலும் நம் வயலில் வரப்பைக் குடைவது இதுதான். வளைவாயில் தோண்டிய மண்ணைக் குவித்து, உள்ளேயிருந்து வாயையும் மண்ணால் அடைத்துக்கொள்ளும். புதுமண் ஈரமாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். நெல் பால் பிடித்து முற்றும் நேரத்தில் தூரோடு வெட்டி, கதிரை இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் சேமிக்கும். அறுவடை முடிந்தபின் வரப்பை வெட்டி அந்தக் கதிரை எடுத்துக் கஞ்சிக்கு வைத்துக்கொண்ட ஏழைக் குடும்பங்கள் எங்கள் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் உண்டு. பெரியவர்கள் அதைக் கேலியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பசிக் காலத்துப் பிழைப்பு.

இந்தச் சின்னதும் உறுமும், மயிரைச் சிலிர்க்கும். ஆகவே பன்றிப் பெயர் இரண்டுக்கும் பொருந்தும். 'பெரு' என்ற பெயர் சின்னதற்குப் பொருந்துமா என்பதுதான் வம்பு. ஆனால் வீட்டெலியோடு வைத்துப் பார்த்தால் அதுவும் தடியன்தான், விட்டுவிடலாம்.

31 ஆகஸ்ட்

பொள்ளாச்சி அண்ணாவுக்கு: உங்கள் தென்னையில் குரும்பையைக் கடித்துத் தள்ளுவது பெருக்கான் இல்லை. இது மண்ணில் பிழைக்கிற ஜாதி, மரமேறுவதில் சூரன் இல்லை. உங்கள் எதிரி கருப்பெலி. அது மட்டைக்கு மட்டை தாவி மரத்திலேயே குடித்தனம் நடத்தும். பெருக்கானுக்கு வைத்த மருந்தை அடிமரத்தில் வைத்துவிட்டு 'ஒன்றும் சாகவில்லை' என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. மரத்தில் தகரப் பட்டை கட்டுங்கள். பக்கத்து மரத்து மட்டை உங்கள் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தகரமும் வீண்.

1 செப்டம்பர்

ஆஸ்திரேலியாவுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலேயர் அங்கே குடியேறத் தொடங்கியது 1788. வந்தவர்கள் முன்பின் பார்த்திராத விலங்குகளுக்குத் தங்களிடம் ஏற்கெனவே இருந்த பெயர்களை ஒட்டிக்கொண்டே போனார்கள். கூர்மூஞ்சியோடு, எலி போலவும் முயல் போலவும் ஒன்று இரவில் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தது. இந்தியாவில் ஒரு பெரிய எலிக்கு பேண்டிகூட் என்று பெயர் இருப்பது கப்பல்காரர்களுக்குத் தெரியும். 1798, 1799 வாக்கில் அந்தக் கரைகளைச் சுற்றிவந்த ஜார்ஜ் பாஸ் அந்த விலங்கை இந்தப் பெயரால் குறித்தார். கோயம்புத்தூர்ப் பகுதி திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போன வருடமும் 1799தான். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. காலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆனால் அந்த விலங்குக்கும் எலிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பைப்பாலூட்டி. பை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும், மண்ணைத் தோண்டும்போது குட்டியின் முகத்தில் மண் விழாது. கருக்காலம் பன்னிரண்டரை நாள் அளவில் முடிந்துவிடுகிற இனங்கள் அதில் உண்டு. பாலூட்டிகளிலேயே மிகக் குறுகிய கருக்காலங்களில் ஒன்று. நம் எலிக்கே மூன்று வாரம் வேண்டும். உணவும் வேறு: புழு, பூச்சி, கிழங்கு, காளான். குதிரில் கை வைப்பதில்லை.

விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. அவற்றில் ஒரு பேரினத்துக்குப் பெராமெலிஸ் என்று பெயரிட்டார்கள். பையுடைய வளைக்கரடி (ஆங்கிலத்தில் பேட்ஜர்) என்பது போலப் பொருள் வரும். ஆக ஊர்ப்பெயர் பன்றியெலி, ஏட்டுப்பெயர் வளைக்கரடி, பிராணியோ இந்த மூன்றில் எதுவும் இல்லை.

இதில் உச்சம் ஒன்று உண்டு. முன்காலில் இரண்டே விரல்களும் பன்றிக் குளம்பு போன்ற நகங்களும் கொண்ட ஓர் இனத்துக்கு ஆங்கிலத்தில் 'பன்றிக்கால் பேண்டிகூட்' என்று பெயர். அதாவது பன்றிக்கால் பன்றியெலி. தெலுங்கு தெரிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பார். அதோடு முடியவில்லை. 1836இல் பிடிபட்ட முதல் மாதிரிக்கு வால் அறுந்து போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு 1838இல் 'வாலில்லாதது' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பிறகு பிடிபட்டவற்றுக்கெல்லாம் நல்ல நீள வால். விதிப்படி முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், ஆகவே வாலுள்ள வாலில்லாதது. அந்த இனம் 20ஆம் நூற்றாண்டில் அழிந்தே போய்விட்டது, பெயரைத் திருத்திக் காட்டக்கூட ஒன்று மிச்சமில்லை.

2 செப்டம்பர்

ஆம், 'கிராஷ் பேண்டிகூட்' வீடியோ கேமில் வரும் ஆரஞ்சு நிறக் கதாநாயகனும் ஆஸ்திரேலியக் கட்சிதான். 1996இல் பிளேஸ்டேஷனில் வந்தது. எங்கள் வீட்டிலும் ஒருவன் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே விளையாடுவான். அவனிடம் "இது தெலுங்குப் பெயர்" என்று சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

4 செப்டம்பர்

1789தான் ஆரம்பமா, அதற்கு முன் வெளிநாட்டார் யாரும் பெருச்சாளியைக் கண்டதில்லையா என்ற கேள்வி நல்ல கேள்வி. சொல்லைப் பதிவுசெய்யவில்லை, விலங்கைப் பதிவுசெய்திருக்கிறார்கள். 1330ஆம் ஆண்டளவில் எழுதிய ஜோர்டானஸ் என்ற பாதிரியார், இந்தியாவில் நரி அளவுக்கு எலி இருக்கிறது என்றும் அதற்குக் கொடிய விஷம் என்றும் எழுதினார். சில ஆண்டுகள் கழித்து இபன் பதூதா என்ற பயணி, தேவகிரி என்ற தௌலதாபாத் கோட்டையின் பாதாளச் சிறையில் பூனையைவிடப் பெரிய எலிகள் இருப்பதையும் பூனைகளே அவற்றைக் கண்டு ஓடுவதையும் எழுதினார். கைதி ஒருவர் இரவெல்லாம் அவற்றோடு மல்லுக்கட்டிய கதையும் அதில் வருகிறது. இந்த இரண்டையும் எடுத்து 'பேண்டிகூட்' என்ற தலைச்சொல்லின் கீழ் அடுக்கியவர்கள் யூலும் பர்னெலும். ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்காக அவர்கள் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி அது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளில் ஊறியவர். தஞ்சாவூர்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே 'இது தெலுங்கு' என்று அவர்கள் எழுதியிருப்பதைத் தமிழ்ப் பெருமைக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

நரி அளவு என்பது பாதிரியார் பயத்தில் சேர்த்த கிலோ. விஷமும் அப்படியே. கடித்தால் புண் சீழ் பிடிக்கும், அது வேறு.

4 செப்டம்பர், பின்னிரவு

தமிழ்நாட்டில் கோட்டை கட்டிய ஆங்கிலேயர் ஏன் தெலுங்குச் சொல்லை எடுத்தார்கள் என்று இப்போது ஒருவர் கேட்டிருக்கிறார், தூக்கம் போயிற்று. அவர்கள் முதலில் கால் ஊன்றியது 1611இல் மசூலிப்பட்டினத்தில், தெலுங்குக் கரை. சென்னைக்கு வந்தது 1639. அங்கும் வணிகர்களிலும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களிலும் தெலுங்கு பேசுவோர் நிறையப் பேர். துணியும் தானியமும் அடுக்கிய கிடங்கில் எதையோ கடித்து வைத்திருக்கிறதே, என்ன பிராணி என்று துரை கேட்டிருப்பார். பதில் சொன்னவர் எந்த மொழிக்காரரோ அந்த மொழி ஏறிவிட்டது. இந்தக் கிடங்குக் காட்சி என் ஊகம், ஆண்டுகள் ஊகம் இல்லை.

7 செப்டம்பர், சதுர்த்தி

இன்றைக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பிள்ளையாரின் வாகனம் பெருச்சாளியா மூஞ்சூறா? வடமொழியில் மூஷிகம், எலி. தமிழில் இரண்டு பெயராலும் சொல்கிறோம். ஆனால் மூஞ்சூறு எலியே இல்லை. நீண்ட மூக்கோடு சுவரோரமாக ஓடிப் பூச்சி தின்னும், நாற்றமடிக்கும், தானியத்தைத் தொடாது. வயல்காரனின் கட்சிக்காரனாகச் சொன்னால், வயல்பக்கத்துப் பிள்ளையார் அடக்கி உட்கார வேண்டியது பெருக்கான்மேல்தான். மூஞ்சூறின்மேல் ஏறி உட்கார்ந்து எங்களுக்கு என்ன லாபம்? கொழுக்கட்டை ஆறுகிறது, மற்றது பிறகு.

8 செப்டம்பர்

கோவைக்காரர் ஒருவர் பிளேக் மாரியம்மனைக் கொண்டுவந்திருக்கிறார். நல்ல இடத்துக்குப் பேச்சு போகிறது. வெளியூர் வாசகர்களுக்காக: கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொள்ளைநோய் ஊரைப் பலமுறை காலி செய்தபோது மக்கள் ஊருக்கு வெளியே சாளை போட்டுத் தங்கிய கதைகளைப் பழைய குடும்பங்களில் இன்றும் கேட்கலாம். எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள்.

ஆனால் 'பெருச்சாளிதான் பிளேக்கைக் கொண்டுவந்தது' என்பதை அப்படியே ஏற்க முடியாது. மனிதனோடு ஒரே கூரையில் ஓட்டிடுக்கில் வாழ்ந்த கருப்பெலியும் அதன் தெள்ளுப்பூச்சியும்தான் முதல் குற்றவாளிகள். கல்கத்தாக் கிடங்குகளில் சிறிய பெருச்சாளி நிறைந்திருந்ததால் அதன் பெயரும் பிளேக் ஆராய்ச்சியில் அடிபட்டது, உண்மை. நம் காலத்துக்கு அஞ்ச வேண்டியது எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெடித்த காலோடு இறங்கி நடவு செய்பவர்கள் காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுப் படுக்காமல் மருத்துவரிடம் "வயலில் இறங்கினேன்" என்று சொல்ல வேண்டும். எங்கள் உறவில் ஒருவருக்கு வெறும் காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்கள், பிறகு கண் மஞ்சளானபின்தான் விழித்துக்கொண்டார்கள். பிழைத்துவிட்டார்.

11 செப்டம்பர்

சொல்லின் பிறப்பைப் பேசியது போதும், நடப்பைப் பேசலாம். தமிழில் பெருச்சாளி என்றால் பத்திரிகைக்கு ஊழல் செய்பவர். 'ஊழல் பெருச்சாளி' என்று தலைப்புப் போட்டால் பக்கத்தில் படமே வேண்டாம். எலி என்று போட்டால் அந்த வீச்சு இல்லை. எலி திருடும், பெருச்சாளி அடித்தளத்தையே குடைந்துவிடும்.

ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே பேண்டிகூட் பாவப்பட்ட பிராணி. 'பேண்டிகூட்டைப் போல ஏழை', 'பேண்டிகூட்டைப் போலத் துயரம் பிடித்தவன்' என்று மரபுத்தொடர்கள் இருக்கின்றன. ஆனால் அதே சொல் வினையாகும்போது குணம் மாறிவிடுகிறது. செடியை அப்படியே நிற்கவிட்டு, அடியில் உள்ள உருளைக்கிழங்கை மட்டும் மண்ணுக்குள் கைவிட்டுத் திருடுவதற்கு 'பேண்டிகூட் செய்தல்' என்று பெயர். தோட்டக்காரன் பார்த்தால் தழை பச்சையாக நிற்கும், பிடுங்கினால் ஒன்றும் இருக்காது.

இதைப் படித்ததும் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து மரவள்ளிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். குச்சி நிமிர்ந்து நிற்கும், இலை தளதளவென்று இருக்கும், அடியில் கிழங்கு ஓட்டைப் பானையாகக் கிடக்கும். நம் பெருக்கான் செய்வதும் அச்சாக அதே வேலை. ஆஸ்திரேலியாவுக்குப் போன பெயர், பெயர் தந்தவனின் தொழிலை இரண்டு கடல் தாண்டியும் மறக்கவில்லை போலும். இல்லை, இப்படிச் சொல்வது அழகாக இருக்கிறதே தவிர சரியில்லை. அந்த ஊர் விலங்கும் கிழங்கு தோண்டும், அதைப் பார்த்து அவர்கள் தனியாக உண்டாக்கிய வினை அது. அழகான விளக்கத்தை உடனே நம்பக் கூடாது என்று பந்திக்கூட்டத்துக்காரருக்குச் சொன்னது எனக்கும்தான்.

இன்னொரு நடப்பு: பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்கிச் சாவதைத் தடுக்கக் கேரளத்து இளைஞர்கள் ஓர் இயந்திரம் செய்தார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அறிமுகமானது, பிறகு கும்பகோணம், கோவை என்று தமிழ்நாட்டுக்கும் வந்தது. பெயர் பேண்டிகூட். மலையாளத்தில் பெருச்சாழி என்று நல்ல சொல் கையில் இருக்க, ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்த தெலுங்குச் சொல்லைச் சூட்டியிருக்கிறார்கள். ஆட்கள் இறங்காமல் வேலை நடந்தால் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். இறக்கிவிடுவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வந்த பிறகும் குழிக்குள் சாவுச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

12 செப்டம்பர்

சங்க இலக்கியத்தில் உண்டா என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, இது நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியது. ஆனாலும் சொல்கிறேன். புறநானூறு 190, சோழன் நல்லுருத்திரன் பாட்டு. விளைந்த வயலில் வளைந்த கதிரை வெட்டிக் கொண்டுபோய் வளை நிறையச் சேமிக்கும் எலியைப் போல, இருப்பதை இறுகப் பிடித்துக்கொண்டு வாழ்கிறவர்களின் நட்பு வேண்டாம் என்கிறான். வேண்டியது, தாக்கிய பன்றி இடப்பக்கம் விழுந்துவிட்டால் அன்று அதை உண்ணாமல், மறுநாள் யானையை வலப்பக்கம் வீழ்த்தி உண்ணும் புலியைப் போன்றவர்களின் நட்பாம்.

புலவர் 'எலி' என்று மட்டும் சொல்கிறார். ஆனால் கதிரை வெட்டி வளைக்குள் இப்படிக் குவிப்பது வீட்டெலியின் பழக்கம் இல்லை, வெள்ளெலிக்கும் இந்த அளவு ஆசை கிடையாது. வரப்பைக் குடையும் சிறிய பெருச்சாளிதான் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரே பாட்டில் எலியும் பன்றியும் வருவதைப் பார்த்தீர்களா? அதை வைத்து யாராவது 'பன்றியெலி சங்க காலத்திலேயே இருக்கிறது' என்று கிளம்பிவிடாதீர்கள். நடுவில் இரண்டே வரிதான், ஆனாலும் அவை ஒன்றோடொன்று சேரவில்லை.

வளையில் சேமித்ததை எடுத்துக் கஞ்சி வைத்த குடும்பங்களைப் பற்றி மேலே எழுதியிருந்தேன். சோழன் அதைக் கேட்டிருந்தால் எலிக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்திருப்பானோ என்னவோ.

15 செப்டம்பர்

முதல் நாள் 'தமிழிலிருந்து போகவில்லை' என்று வெட்டி எழுதிவிட்டதில் இருவருக்குக் கோபம். பந்தியும் பன்றியும் ஒரே வேர்தானே, அப்படியானால் தமிழ் என்று சொன்னால் என்ன என்கிறார்கள். வேர் ஒன்றுதான், மறுக்கவில்லை. பன்றி, பந்தி, கன்னடத்து ஹந்தி, மலையாளத்துப் பன்னி எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் அக்காள் கல்யாணத்துக்குத் தங்கை பெயரில் பத்திரிகை அடிக்க முடியாது. ஆங்கிலேயர் எடுத்தது முழுச் சொல்லை. அந்த முழுச் சொல்லை இந்த விலங்கைக் காட்டிச் சொல்பவர் தெலுங்கில் இருக்கிறார், தமிழில் இல்லை. நான் கேட்கும் சான்று அது ஒன்றுதான்: விலங்கைக் காட்டி அந்தப் பெயரைச் சொல்லும் ஓர் ஆள். ஒலி ஒற்றுமையைக் காட்ட எவராலும் முடியும், பந்திக்கூட்டம் முடிந்து பாண்டிக்கூட்டம், பாண்டிக்குட்டி வரை இந்த இழையில் பார்த்துவிட்டோம்.

'ஆனைக்கொன்றான்தான் அனகோண்டா' என்பதை ஆரம்பிக்க வேண்டாம். அதற்குச் சிங்களக்காரர் கையிலும் ஒரு சொல் இருக்கிறது, அது தனி வழக்கு. தாளவாடி அம்மணி கீரியைக் குறித்துக் கேட்டது மட்டும் இங்கே சேரும். ஆங்கிலத்து மாங்கூஸ் மராத்தியின் முங்கூஸிலிருந்து போனது, தெலுங்கில் முங்கிச, உங்கள் மலைமேல் கன்னடத்தில் முங்குசி. பாம்பைக் கொல்வதும் எலியைக் கொல்வதும் அதே ஆள் என்பதால் பெருக்கான் இழையில் அதற்கு ஓர் இடம் கொடுக்கலாம்.

19 செப்டம்பர்

பெருந்துறை நண்பர் திரும்பி வந்து, 'இவ்வளவு பேசினீர்கள், பையன் என்ன எழுதுவது' என்று கேட்கிறார். நியாயம். ஆஸ்திரேலிய விலங்கை பேண்டிகூட் என்றே எழுதட்டும். அதைத் தமிழாக்குகிறேன் என்று பெருச்சாளி ஆக்கிவிடக் கூடாது, அது எலியே இல்லை. அதில் நீண்ட காது கொண்ட உறவுக்காரன் ஒன்றுக்கு பில்பி என்று உண்மையான பழங்குடிப் பெயர் உண்டு, யுவாலராய் மொழிச் சொல். கங்காருவுக்கு ஜோடி வேண்டுமானால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் விலங்கைப் பெருச்சாளி என்று எழுதட்டும், பெருக்கான் என்று எழுதினாலும் தவறில்லை. ஆசிரியர் அடித்துவிட்டால் அகராதியைக் காட்டட்டும், சொல் அங்கே இருக்கிறது. பெயரின் பிறப்பைச் சொல்லும் வரியில் தெலுங்கு என்று தெளிவாக எழுதட்டும்.

படம் வரையச் சொல்லியிருந்தால் வாலை மறக்க வேண்டாம்.